சான்றிதழ், கூட்டம், ஒரு ரீஸ்டோர்: மலையிலிருந்து டிபிஏ ஆக நினைப்பவர்களுக்கு

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலை இருப்பதாக வைத்துக்கொள்வோம். 600 சிறு விவசாயிகள் அங்கே பசுந்தேயிலை கொடுக்கிறார்கள். பிற்பகல் 2 மணிக்கு எடை போட ஆரம்பித்து 5 மணிக்கு முடிக்கிறார்கள். ஒரு விவசாயிக்கு ஒரு பதிவு. மணிக்கு 200 பதிவுகள். மாதக் கடைசியில் இந்தப் பதிவுகளைக் கூட்டித்தான் ஒவ்வொருவருக்கும் பணம் போகும். பதிவுகள் உட்கார்ந்திருக்கும் இடம் தரவுத்தளம். அவை தொலையாமலும், வேண்டாத கை படாமலும், கேட்ட நேரத்தில் கேட்ட விவரம் கிடைக்கும்படியும் பார்த்துக்கொள்பவர் தரவுத்தள நிர்வாகி. வழக்கில் டிபிஏ.

இந்தத் தொழிற்சாலையில் தினமும் இரவு 10 மணிக்கு ஒரு பேக்கப் ஓடுகிறது என்போம். மாலை 5 மணிக்கு, கடைசி மூட்டை எடை போட்டு முடிந்ததும், டிஸ்க் போய்விட்டது. முந்தைய இரவின் பேக்கப் நன்றாகவே இருக்கிறது. ஆனால் அன்றைய 600 பதிவும் போயிற்று. இரவு பேக்கப்போடு, பகலில் 15 நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றங்களின் லாகையும் (நடந்த ஒவ்வொரு மாற்றத்தையும் வரிசையாகக் குறித்துவைக்கும் கோப்பு) வேறொரு கணினிக்கு அனுப்பியிருந்தால், தொலைவது அதிகபட்சம் 50 பதிவு. அந்த 50 பேரைக் கூப்பிட்டு, சீட்டைப் பார்த்து மறுபடி ஏற்றிவிடலாம். 600 பேரை அப்படிக் கூப்பிட முடியாது.

எவ்வளவு நேரத்து வேலையைத் தொலைக்கத் தாங்கும் என்ற அளவுக்கு ஆர்பிஓ என்று பெயர். எவ்வளவு நேரம் கணினி நின்றால் தாங்கும் என்ற அளவு ஆர்டிஓ. டிபிஏ படிப்பில் முதலில் மனத்தில் ஏற்ற வேண்டியவை இந்த இரண்டும்தான். சான்றிதழ்த் தேர்வுகளில் இவை வரும். எந்த வேலையிலும் முதல் நாளே வரும். சான்றிதழ் எதற்கு, டிபிஏக்களின் கூட்டங்கள் எதற்கு என்பதை இந்த 50 பதிவை விடாமல் பிடித்துக்கொண்டே விளக்குகிறோம்.

சான்றிதழ் எதைச் சொல்கிறது

மென்பொருளைச் செய்யும் நிறுவனமோ, அதைச் சார்ந்து தொழில் நடத்தும் நிறுவனமோ தேர்வு வைத்து, இந்தப் பதிப்பில் இன்னின்ன வேலைகள் இவருக்குத் தெரியும் என்று கொடுப்பது சான்றிதழ். கல்லூரிப் பட்டம் ஒருமுறை வாங்கினால் ஆயுளுக்கும் போதும். இது அப்படியில்லை. சில சான்றிதழ்கள் ஒரு பதிப்போடு கட்டுண்டவை, சில ஓராண்டில் காலாவதியாகும்.

மைக்ரோசாஃப்டில் டிபிஏக்கான தேர்வு டிபி-300. தேறினால் 'அஸூர் டேட்டாபேஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் அசோசியேட்' என்ற சான்றிதழ். 1000-க்கு 700 எடுக்க வேண்டும். இதை 70 சதவீதம் என்று எண்ணிக்கொள்ளாதீர்கள். கேள்விகளின் கடினத்துக்கு ஏற்ப அளவு மாற்றிப் போடும் மதிப்பெண் அது. முதல்முறை தவறினால் 24 மணி நேரம் கழித்து மறுபடி எழுதலாம். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறைக்கும் 14 நாள் இடைவெளி வேண்டும், ஓராண்டில் ஐந்து முறைக்கு மேல் முடியாது. முன்பு இருந்த எம்சிஎஸ்ஏ என்ற சான்றிதழ் 2021 ஜனவரி 31-ஓடு நின்றுவிட்டது. அந்தப் பெயரில் யாராவது பயிற்சிக்குப் பணம் கேட்டால், எழுதுவதற்கு அப்படி ஒரு தேர்வே இப்போது இல்லை என்பது நினைவிருக்கட்டும்.

ஆரக்கிள் நிறுவனத்தின் தரவுத்தளத்தில் 19சி பதிப்புக்கு இரண்டு தேர்வு: 1இசட்0-082, 1இசட்0-083. இரண்டும் தேறினால்தான் 'சர்டிஃபைட் புரொஃபஷனல்', அதாவது ஓசிபி. மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தளமும் ஆரக்கிள் வசம் இருப்பதால் அதன் டிபிஏ சான்றிதழையும் ஆரக்கிளே தருகிறது. போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளம் வேறு மாதிரி. அது யாருடைய சொத்தும் அல்ல. உலகெங்கும் உள்ளவர்கள் சேர்ந்து வளர்ப்பது. அந்தத் திட்டம் தன் பெயரில் சான்றிதழ் தருவதில்லை. இடிபி போன்ற நிறுவனங்கள் தரும் போஸ்ட்கிரெஸ் சான்றிதழ்கள் அந்தந்த நிறுவனத்தின் சான்றிதழ்கள் மட்டுமே. "போஸ்ட்கிரெஸின் அதிகாரபூர்வ சான்றிதழ்" என்று விளம்பரம் கண்டால் சற்று நில்லுங்கள்.

எதை எடுப்பது? கோவையிலோ பெங்களூரிலோ நீங்கள் போக விரும்பும் வகை வேலைக்கான விளம்பரங்கள் 30 எடுங்கள். ஒவ்வொன்றிலும் எந்தத் தரவுத்தளத்தின் பெயர் இருக்கிறது என்று ஒரு தாளில் கோடு போடுங்கள். அரை மணி நேர வேலைதான். பல ஆயிரம் ரூபாய் தேர்வுக் கட்டணம் எங்கே போக வேண்டும் என்பதை அந்தத் தாள் சொல்லிவிடும். பக்கத்து வீட்டுப் பையன் ஆரக்கிள் படித்தான் என்பது ஒரு காரணமாகாது.

படிக்கச் செலவு இல்லை. போஸ்ட்கிரெஸ் முழுக்க இலவசம். மைக்ரோசாஃப்டின் தரவுத்தளமான எஸ்க்யூஎல் சர்வரின் டெவலப்பர் எடிஷன் எல்லா வசதியோடும் இலவசமாகக் கிடைக்கும். நிஜத் தொழிலில் மட்டும் ஓட்டக் கூடாது. ஆரக்கிளின் இலவசப் பதிப்புக்கு 2 ஜிபி ரேம், 12 ஜிபி தரவு என்ற வரம்பு உண்டு. பழகுவதற்கு அதுவே தாராளம். 8 ஜிபி ரேம் உள்ள பழைய மடிக்கணினி இருந்தால் தொடங்கிவிடலாம்.

சான்றிதழால் கிடைக்கும் பெரிய பயன் பலருக்குத் தெரியாத ஒன்று: பாடத்திட்டம். டிபி-300-இன் பாடத்திட்டம் ஐந்து பகுதிகளாகப் பிரிந்திருக்கும்: தளத்தை அமைத்தல், பாதுகாப்பு, கண்காணித்து வேகப்படுத்தல், வேலைகளைத் தானாக ஓடவைத்தல், விபத்திலிருந்து மீள்தல். தனியாகப் படிப்பவர் பிடித்ததையே திரும்பத் திரும்பப் படிப்பார். குவெரியை, அதாவது தரவுத்தளத்திடம் விவரம் கேட்கும் கட்டளையை, வேகப்படுத்துவது ருசியான வேலை. யாருக்கு என்ன அனுமதி என்று பார்ப்பது சலிப்பு. பாடத்திட்டம் அந்தச் சலிப்பான பகுதிக்குள்ளும் கையைப் பிடித்து அழைத்துப் போகும். தேர்வு எழுதாவிட்டாலும் அந்தப் பட்டியலை இறக்கி, வரிக்கு வரி செய்து பார்த்து டிக் போடுங்கள்.

'டம்ப்' என்று விற்கும் திருட்டுக் கேள்வித்தாள்களைத் தொடாதீர்கள். பிடிபட்டால் சான்றிதழ் ரத்தாகும். அதைவிடப் பெரிய நஷ்டம், பதில் எழுத்து மனப்பாடமாகி, ஏன் அந்தப் பதில் என்பது தெரியாமல் போவது. நேர்முகத்தில் இரண்டாவது கேள்வியே "ஏன்?" என்றுதான் வரும்.

ஒரே நோய், மூன்று பெயர்

அந்த 50 பதிவைக் காப்பாற்ற மாற்றங்களின் லாகைச் சேமிக்கிறோம் அல்லவா? அந்த லாகே சர்வரை நிறுத்திவிடவும் கூடும். மூன்று தரவுத்தளங்களிலும் இது நடக்கும், பெயர்தான் வேறு.

எஸ்க்யூஎல் சர்வரில் ரிகவரி மாடலை 'ஃபுல்' என்று (எல்லா லாகையும் வைத்துக்கொள் என்று) வைத்துவிட்டு, லாக் பேக்கப் எடுக்க மறந்தால், லாக் கோப்பு வளர்ந்துகொண்டே போய் டிஸ்க்கை நிரப்பும். முழு பேக்கப் தினமும் ஓடினாலும் லாக் சுருங்காது. லாக் பேக்கப் எடுத்தால்தான் உள்ளே இடம் காலியாகும். புதியவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இது. ஆரக்கிளில், நிரம்பிய லாகுகளைத் தனியே சேமிக்கும் ஆர்க்கைவ்லாக் முறையை இயக்கிவிட்டு, பழைய லாகுகளைத் துடைக்காமல் விட்டால், அவற்றுக்கு ஒதுக்கிய இடம் நிரம்பி ஓஆர்ஏ-00257 என்ற பிழை வரும். நிர்வாகியைத் தவிர புதிதாக யாரும் உள்ளே வர முடியாது. போஸ்ட்கிரெஸில் இந்த லாகுக்கு 'வால்' (WAL) என்று பெயர். அதை வெளியே நகலெடுக்கும் கட்டளை தோற்றுக்கொண்டே இருந்தால், நகலாகாத கோப்புகளை அது அழிக்காது. அவை குவிந்து டிஸ்க் நிரம்பி சர்வர் நின்றுவிடும்.

தேர்வில் இது "லாக் கோப்பு பெரிதாகிறது, முதலில் என்ன பார்ப்பீர்கள்?" என்று நான்கு விடைகளோடு வரும். நிஜத்தில் அது பிற்பகல் 3 மணிக்கு, வெளியே இலை வண்டிகள் வரிசையில் நிற்கும்போது வரும். அந்த நேரத்துக்கான பழக்கம் புத்தகத்தில் கிடைப்பதில்லை. அதற்குத்தான் கூட்டங்கள்.

கூட்டங்கள் என்றால் என்ன

டிபிஏக்களுக்கு நீண்டகாலமாகவே தங்களுக்குள் கூடிப் பேசும் வழக்கம் உண்டு. எஸ்க்யூஎல் சர்வர்காரர்களின் 'பாஸ்' என்ற அமைப்பு 1999-இல் தொடங்கியது. 2007-இல் அமெரிக்காவின் ஆர்லாண்டோவில் 'எஸ்க்யூஎல் சாட்டர்டே' பிறந்தது: சனிக்கிழமை ஒரு நாள், பேசுபவர்களும் ஏற்பாடு செய்பவர்களும் தன்னார்வலர்கள், நுழைவு இலவசம். அந்த வடிவம் பல நாடுகளுக்குப் பரவியது. 2021 ஜனவரியில் பாஸ் அமைப்பு மூடப்பட்டது. ஆனால் சனிக்கிழமைக் கூட்டங்கள் நிற்கவில்லை. ஊருக்கு ஊர் பத்துப் பேர் அதைத் தங்கள் வேலையாக நினைத்ததுதான் காரணம்.

நம் பக்கத்தில், ஆரக்கிள் பயனர்களின் அகில இந்திய அமைப்பான ஏஐஓயூஜி நடத்தும் மாநாட்டுக்குச் 'சங்கம்' என்றே பெயர். போஸ்ட்கிரெஸுக்கு 'பிஜிகான்ஃப் இந்தியா' பெங்களூரில் நடக்கிறது. உதகையிலிருந்து பெங்களூர் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மைசூர் வழியில் பந்திப்பூர் காட்டுச் சாலை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை அடைக்கப்படும். விடியற்காலை கிளம்பி முதல் உரைக்குப் போய்விடலாம் என்ற கணக்கு செல்லாது. முந்தைய நாளே போய்த் தங்குங்கள்.

மாநாட்டில் புதியவர் எதைக் கேட்க வேண்டும்? புதுப் பதிப்பில் என்ன வசதி வந்திருக்கிறது என்ற உரைகளைப் பிறகு வீட்டிலேயே படித்துக்கொள்ளலாம். "எங்களிடம் இது உடைந்தது, இப்படிக் கண்டுபிடித்தோம்" என்ற உரைகளுக்குப் போங்கள். அப்படிப்பட்ட பேச்சு எவ்வளவு சொல்லித்தரும் என்பதற்கு மென்பொருள் நிரல்களைச் சேமிக்கும் சேவை நடத்தும் கிட்லேப் நிறுவனம் தானே வெளியிட்ட ஒரு அறிக்கை நல்ல உதாரணம். 2017 ஜனவரி 31 அன்று அங்கே ஒரு பொறியாளர் தவறான சர்வரில் தரவுக் கோப்புறையை அழித்துவிட்டார். சுமார் 300 ஜிபி இருந்த இடத்தில் 4.5 ஜிபிதான் மிஞ்சியது. பேக்கப்புகளைத் தேடினால், தினமும் ஓடிய, பிஜி டம்ப் என்ற போஸ்ட்கிரெஸ் பேக்கப் கருவி சத்தமில்லாமல் தோற்றுக்கொண்டிருந்தது தெரிந்தது: சர்வர் 9.6 பதிப்பு, பேக்கப் கருவியோ 9.2 பதிப்பு. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்கள் அஞ்சல் அமைப்புக் குறையால் திருப்பி அனுப்பப்பட்டு, யார் கண்ணிலும் படவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன், வேறொரு காரணத்துக்காக எடுத்த நகல் ஒன்று இருந்ததால் தப்பினார்கள். ஆறு மணி நேர வேலை போயிற்று.

இந்த ஒரு சம்பவத்தில் மூன்று பாடம் இருக்கிறது. பேக்கப் கருவியின் பதிப்பைப் பார். தோல்விச் செய்தி கைக்கு வருகிறதா என்று வேண்டுமென்றே ஒருமுறை தோற்கவைத்துப் பார். ரீஸ்டோர் செய்து, அதாவது திரும்ப ஏற்றிப் பார்க்காத பேக்கப்பைப் பேக்கப் என்று எண்ணாதே. ஓர் அறையில் இதை ஒருவர் சொல்லி, மற்றவர்கள் "எங்களிடம் எப்படி இருக்கிறது?" என்று தங்கள் சர்வரை அன்றைக்கே திறந்து பார்த்தால், அந்தக் கூட்டம் தன் வேலையைச் செய்துவிட்டது.

குன்னூரில் 20 பேர்

பெங்களூர் போகாமலே இதை இங்கே நடத்தலாம். 20 பேர் போதும். அதற்கு மேல் சேர்ந்தால் கைவேலையைப் பார்த்துக்கொள்ள ஆள் போதாது. கல்லூரியின் கணினி ஆய்வகம் ஒரு சனிக்கிழமைக்குக் கிடைத்தால் மிக நல்லது. வங்கி, தேயிலைத் தொழிற்சாலை, விடுதி, மருத்துவமனை, பள்ளி அலுவலகம் என்று தரவுத்தளம் ஓடும் இடங்கள் மலையில் நிறைய. அங்கே அதைப் பார்த்துக்கொள்பவருக்குப் பெரும்பாலும் டிபிஏ என்ற பதவிப் பெயர் இருக்காது. அவரைத்தான் முதலில் அழைக்க வேண்டும்.

நாளைத் தேர்ந்தெடுப்பதில்தான் மலைக்காரரின் அனுபவம் வேலை செய்ய வேண்டும். ஏப்ரல், மே சீசன்; வெளியூர்ப் பேச்சாளர் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறி வரவே பாதி நாள் ஆகிவிடும். ஜூலை, ஆகஸ்டில் தென்மேற்குப் பருவமழை கூடலூர்ப் பக்கத்தை அடிக்கும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. பெய்தது. அக்டோபர் கடைசியிலிருந்து வடகிழக்குப் பருவமழையில் குன்னூர், கோத்தகிரிச் சாலைகளில் மண் சரியும். ஜனவரி கடைசி, பிப்ரவரி, மார்ச் முதல் பாதி வசதியான காலம். சொந்த வண்டியில் வரும் வெளியூர்க்காரர்களுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் நடைமுறை வந்திருக்கிறது; கொடைக்கானலுக்கும் அதே. அழைப்பிலேயே அதை எழுதிவிடுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு நீலகிரியில் தடை என்பதால் கேனும் டம்ளரும் ஏற்பாடு செய்ய வேண்டும். காலை 10 மணிக்குத் தொடங்கி 3.30-க்கு முடித்தால், கூடலூரிலிருந்து 50 கி.மீ. தாண்டி உதகை வழியாக வருபவரும் இருட்டும் முன் வீடு சேரலாம்.

அடுத்தது இணையம். ஆரக்கிள் 19சி இறக்கும் கோப்பு ஏறத்தாழ 3 ஜிபி. 20 பேரும் அங்கே வந்து இறக்கினால் 60 ஜிபி. 50 எம்பிபிஎஸ் இணைப்பு முழு வேகத்தில் ஓடினாலும் 2 மணி 40 நிமிடம் ஆகும். முழு வேகத்தில் ஓடவும் ஓடாது. நான்கு பென் டிரைவில் எல்லாக் கோப்பையும் முன்னமே ஏற்றி, மேஜைக்கு ஒன்றாகச் சுற்றவிடுங்கள். அன்றைய வேலை எதற்கும் இணையம் தேவைப்படாதபடி திட்டமிட்டுவிட்டால், மழையில் கேபிள் அறுந்தாலும் கூட்டம் நடக்கும்.

மின்சாரத்துக்கும் இதே மாதிரி ஒரு கணக்கு உண்டு. ஒரு மடிக்கணினிக்கு 65 வாட் என்றால் 20-க்கு 1300 வாட், புரொஜெக்டருக்கு 300. வீட்டுக்கு வாங்கும் 900 விஏ இன்வெர்ட்டர் இதைத் தாங்காது. அதனால் இன்வெர்ட்டரில் புரொஜெக்டரையும் ரவுட்டரையும் மட்டும் மாட்டுங்கள். மடிக்கணினிகளை முழு சார்ஜோடு கொண்டுவரச் சொல்லுங்கள். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அன்றைக்கு இல்லையே என்று முன்கூட்டியே பாருங்கள்.

பேச்சு தமிழில் இருக்கட்டும். டேபிள், குவெரி, பேக்கப், ரீப்ளிகேஷன் என்ற சொற்கள் அப்படியே வரட்டும். "ஏன் இப்படி ஆகிறது" என்ற விளக்கம் வீட்டில் பேசும் மொழியில் வரும்போதுதான் பின்வரிசையில் இருப்பவர் கை தூக்கிக் கேட்பார். ஒருவர் முழு நாளும் பேசக் கூடாது. காலையில் 45 நிமிட விளக்கம் ஒன்று, 15 நிமிடம் கேள்வி. பிறகு முழுக்கக் கைவேலை.

ஒரு நாளின் கைவேலை

போஸ்ட்கிரெஸில் செய்யக்கூடிய பயிற்சி ஒன்றைச் சற்று விரிவாகவே சொல்கிறோம், ஏனென்றால் இதை ஒருமுறை செய்தவருக்குப் பாடத்திட்டத்தின் 'விபத்திலிருந்து மீள்தல்' பகுதி பெரும்பாலும் புரிந்துவிடும். நோக்கம்: தெரியாமல் அழித்த தரவை, அழிப்பதற்கு ஒரு நிமிடம் முந்தைய நிலைக்குக் கொண்டுவருவது.

முதலில் அமைப்புக் கோப்பில் ஆர்க்கைவ் மோடை இயக்கி, வால் கோப்புகளை வேறொரு கோப்புறைக்கு நகலெடுக்கும் ஆர்க்கைவ் கமாண்டை எழுதுங்கள். ஆர்க்கைவ் மோடை மாற்றினால் சர்வரை நிறுத்தித் தொடங்க வேண்டும், ரீலோடு போதாது. பிறகு பிஜி பேஸ்பேக்கப் கட்டளையால் ஒரு முழு நகல் எடுங்கள். 'இலை வரவு' என்று ஒரு டேபிள் போட்டு, ஜெனரேட் சீரிஸ் உதவியால் ஒரு லட்சம் வரிசை ஏற்றுங்கள். நேரத்தைச் சர்வரிடமே கேட்டுத் தாளில் குறியுங்கள். ஒரு நிமிடம் கழித்து, வேர் (WHERE) நிபந்தனை இல்லாமல் டெலீட் கொடுங்கள். டேபிள் காலி.

இப்போது சர்வரை, எதையும் ஒழுங்குபடுத்தாமல் சட்டென்று நிறுத்தும் 'இமீடியட்' முறையில் நிறுத்துங்கள். டிஸ்க் போய்விட்டது என்று வைத்துக்கொண்டு, தரவுக் கோப்புறையை வேறு பெயருக்கு மாற்றி ஒதுக்கிவிட்டு, அந்த இடத்தில் பேஸ்பேக்கப்பை வையுங்கள். வால் கோப்புகளைத் திரும்ப எடுக்கும் ரீஸ்டோர் கமாண்டும், குறித்த நேரமும் அமைப்புக் கோப்பில் எழுதி, ரிகவரி டாட் சிக்னல் என்ற வெற்றுக் கோப்பை உள்ளே போட்டு, சர்வரைத் தொடங்குங்கள். 12-க்கு முந்தைய பதிப்புகளில் இதற்கு ரிகவரி டாட் கான்ஃப் என்று தனிக் கோப்பு இருந்தது. பழைய குறிப்பைப் பார்த்துச் செய்பவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்வார்கள்.

முதல் சுற்றில் பலருக்குத் தோற்கும். தோற்கட்டும். 13-ஆம் பதிப்பிலிருந்து, குறித்த நேரத்தை எட்டும் முன் வால் தீர்ந்துவிட்டது என்று பிழை காட்டி சர்வர் நின்றுவிடும். வால் கோப்பு ஒன்று 16 எம்பி. அது நிரம்பினால்தான் ஆர்க்கைவுக்குப் போகும். பயிற்சியில் ஏற்றிய ஒரு லட்சம் வரிசை அதை நிரப்பாமலே இருக்கலாம். சர்வரை ஒழுங்காக நிறுத்தினால், நிரம்பாத கோப்பையும் அனுப்பிவிட்டுத்தான் நிற்கும். நிஜ விபத்தில் டிஸ்க் அப்படிச் சொல்லிக்கொண்டு போவதில்லை. இதற்குத்தான் ஆர்க்கைவ் டைம்அவுட். அதை 900 விநாடி என்று வைத்தால், நிரம்பாவிட்டாலும் 15 நிமிடத்துக்கு ஒருமுறை கோப்பு வெளியே போகும். தேயிலைத் தொழிற்சாலையின் 50 பதிவு என்ற கணக்கு இந்த ஒரு வரியில்தான் இருக்கிறது. பயிற்சிக்கு 60 விநாடி வைத்து, டெலீட்டுக்குப் பிறகு இரண்டு நிமிடம் காத்திருந்து, இரண்டாவது சுற்று செய்யுங்கள்.

அப்போதும் அதே பிழை வருகிறதா? நேர மண்டலத்தைப் பாருங்கள். சர்வர் யூடிசியில் (நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால் இருக்கும் உலகப் பொது நேரம்) ஓடினால், நீங்கள் சர்வரிடம் கேட்காமல் கடிகாரத்தைப் பார்த்து எழுதிய காலை 11.20 அதற்கு நம் மாலை 4.50. அந்த நேரம் இன்னும் வரவேயில்லை, எப்படி எட்டும்? நேரத்தோடு +05:30 சேர்த்து எழுதினால் தீரும்.

ஆர்க்கைவ் கமாண்டை அப்படியே எடுத்து ரீஸ்டோர் கமாண்டாக ஒட்டுவது இன்னொரு வழக்கமான பிழை. முதலாவது உள்ளிருந்து வெளியே நகலெடுக்கிறது, இரண்டாவது வெளியிலிருந்து உள்ளே. இரண்டிலும் இடமும் வலமும் மாற வேண்டும். லினக்ஸில் கோப்புறையின் அனுமதி 0700 அல்லது 0750 ஆக இல்லாவிட்டால் சர்வர் கிளம்பாது. ரூட் என்ற முதன்மைப் பயனராக நகலெடுத்தவர்களுக்கு இது வரும்.

எல்லாம் சரியாகி டேபிளில் ஒரு லட்சம் வரிசை தெரிந்ததும், புதிதாக ஒரு வரிசை சேர்த்துப் பாருங்கள். சேராது. கெட்டுப்போகவில்லை, குறித்த நேரத்தில் போஸ்ட்கிரெஸ் இடைநிறுத்தி, "இது சரியான நிலைதானா, பார்த்துச் சொல்" என்று காத்திருக்கிறது. பிஜி வால் ரீப்ளே ரெஸ்யூம் கொடுத்தால்தான் எழுத விடும். இந்த இடைநிறுத்தம் நல்ல ஏற்பாடு. குறித்த நேரம் போதாது என்று தெரிந்தால், சர்வரை நிறுத்தி, இன்னும் பிந்தைய நேரம் கொடுத்து அங்கிருந்தே தொடரலாம்.

டெலீட் கொடுத்ததிலிருந்து டேபிள் திரும்பியதுவரை எத்தனை நிமிடம் என்று ஒவ்வொருவரும் தாளில் எழுதட்டும். அதுதான் அவரவர் உண்மையான மீட்பு நேரம்; ஆர்டிஓவுக்குள் அடங்குமா என்று அதை வைத்துத்தான் பார்க்க வேண்டும். முதல் முறை 90 நிமிடம் ஆவது வெட்கப்பட வேண்டிய விஷயமில்லை.

தேர்வு நாள்

பாடத்திட்டத்தைச் செய்து முடித்து, மாதிரிக் கேள்விகளில் தடுமாறாமல் ஓடினால் தேர்வுக்குப் பதியலாம். தினம் ஒன்றரை மணி நேரம் உட்காருபவருக்குப் பன்னிரண்டு வாரம் நியாயமான அளவு. பதிவதற்கு முன் பெயரைப் பாருங்கள். முதற்பெயர், கடைசிப்பெயர் என்று இரண்டு கட்டம் இருக்கும், நமக்கோ இனிஷியல்தான். அடையாள அட்டையில் இனிஷியல் எழுத்தாக இருந்தால் எழுத்தாகவே, தந்தை பெயர் விரிந்து இருந்தால் விரித்தே கொடுங்கள். பள்ளிச் சான்றிதழில் ஒன்று, பாஸ்போர்ட்டில் ஒன்று என்று இருப்பவர்கள், எதைக் காட்டப் போகிறார்களோ அதன்படி பதிய வேண்டும். பெயர் பொருந்தாவிட்டால் வாசலோடு திருப்பிவிடுவார்கள். பணமும் திரும்பாது.

மைக்ரோசாஃப்ட் தேர்வை, தேர்வு நடத்தும் நிறுவனமான பியர்சன் வியூ மூலம் வீட்டிலிருந்தே எழுதலாம், மையத்துக்குப் போயும் எழுதலாம். மலையில் இருப்பவர்களுக்கு நாங்கள் மையத்தையே சொல்வோம். வீட்டில் எழுதும்போது இணைப்பு விழுந்தால் தேர்வு அந்தரத்தில் நிற்கும். யாராவது அறைக்குள் வந்தால், கேள்வியை வாய்விட்டுப் படித்தால்கூட நிறுத்திவிடக்கூடும். குல்லாவும் மஃப்ளரும் கழற்றிவிட்டுத்தான் உட்கார வேண்டும். வீட்டில்தான் எழுதுவது என்றால், அதே கணினியில், அதே அறையில், அதே நேரத்தில் ஒரு நாள் முன்னதாக அவர்களுடைய கணினிச் சோதனையை ஓட்டிப் பாருங்கள். அலுவலக மடிக்கணினி வேண்டாம். அதன் ஃபயர்வாலும் விபிஎன்னும் தேர்வு மென்பொருளைத் தடுக்கும்.

மையம் என்றால் நீலகிரியிலிருந்து கோவையையும், கொடைக்கானலிலிருந்து மதுரையையும் முதலில் தேடிப் பாருங்கள். உதகையிலிருந்து கோவை ஏறத்தாழ 85 கி.மீ.; மேட்டுப்பாளையத்தில் நெரிசல் பிடித்தால் மூன்று மணி நேரத்தைத் தாண்டும். கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி, வயிறு குமட்டிக்கொண்டு இரண்டு மணி நேரத் தேர்வில் உட்காருவது வீண் கஷ்டம். முந்தைய மாலையே இறங்கி, தெரிந்தவர் வீட்டில் தங்கி, காலையில் போங்கள். பைகளை லாக்கரில் வைக்கச் சொல்வார்கள், சட்டைப் பைகளைக் காட்டச் சொல்வார்கள். மழையில் பாதை அடைபடும் அறிகுறி தெரிந்தால், தேதியை மாற்றும் வேலையை 24 மணி நேரத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள். அதற்குப் பிறகு மாற்ற முடியாது.

டிபி-300 போன்ற மைக்ரோசாஃப்ட் தேர்வுகளில் 2023 முதல், தேர்வு நடக்கும்போதே அவர்களுடைய லேர்ன் ஆவணங்களைத் திறந்து பார்க்க அனுமதி உண்டு. ஆனால் அதற்காகத் தனி நேரம் தர மாட்டார்கள். ஒரு கட்டளையின் சரியான எழுத்தைப் பார்க்க அது உதவும்; தெரியாத பாடத்தை அங்கே உட்கார்ந்து படிக்க உதவாது.

தேறிய பிறகு அந்தச் சான்றிதழுக்கு ஓராண்டு ஆயுள். முடிவதற்கு ஆறு மாதம் முன்பே புதுப்பிக்கும் சோதனை திறக்கும். இலவசம், வீட்டிலிருந்தே, ஆவணங்களைப் பார்த்துக்கொண்டே எழுதலாம். ஒரு நாள் தவறவிட்டு காலாவதியானாலும் முழுத் தேர்வைப் பணம் கட்டி மறுபடி எழுத வேண்டும். தேறிய அன்றே, அதிலிருந்து ஆறு மாதம் தள்ளி வரும் தேதியைக் காலண்டரில் வட்டமிடுங்கள். உங்கள் விவரத்தாளில் சான்றிதழுக்குக் கீழே, கைவேலை நாளில் தாளில் குறித்த அந்த நிமிடக் கணக்கையும் ஒரு வரியாகச் சேருங்கள்: இவ்வளவு ஜிபி தரவு, இன்ன முறை, மீட்க இத்தனை நிமிடம். நேர்முகம் எடுப்பவர் அந்த வரியிலிருந்துதான் கேள்வியைத் தொடங்குவார்.